ஒருத்திக்கு மட்டும் எடுத்த ரத்தம்

நான் கொடுத்த நோய்க்காக ஒரு பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னித்தேன். "பரவாயில்லம்மா, போ, உடம்பைப் பாத்துக்கோ" என்று சொன்னேன். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் வீட்டுப் பின்வாசலில், செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு, முகத்திலும் கைகளிலும் காய்ந்துகொண்டிருந்த அம்மை வடுக்களோடு நின்று கைகூப்பினாள். அந்த அம்மை என் முதுகிலிருந்து அவளுக்குப் போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மன்னித்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றிருந்தேன். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மாடி வைத்த சின்ன வீடு. பின்னால் ஒரு துவைக்கும் கல்லும் முருங்கை மரமும் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. மகனுக்கு வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி வண்டியில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். மருமகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். என் மனைவிக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. ஆகவே வீடு நடந்தது பக்கத்து நீலசந்திராவிலிருந்து நடந்து வந்த அந்தப் பெண்ணின் கையால்தான். பாத்திரம், துணி, வீடு பெருக்கித் துடைப்பது எல்லாம் அவள்தான். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அவள் வேலை செய்தாள்.

அவளும் அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் இரண்டு பெண்களும் பின்படியில் உட்கார்ந்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்பார்கள். பேச்சு என் அறை ஜன்னலுக்குள் வரும்.

"அக்கா, உங்களுக்குப் பையன்தான்."

"எப்படிடி சொல்ற?"

"வயிறு கூரா நிக்குது பாருங்க. என்னுது பாருங்க, பூசணிக்கா மாதிரி கீது. எனக்குப் பொண்ணு. எங்க மாமியா இப்பவே மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீது."

"ஸ்கேன்ல எனக்கே சொல்லல. உனக்கு உங்க மாமியாரு சொல்லிட்டாங்களா?"

"அதுக்குக் கண்ணே ஸ்கேனு அக்கா."

இருவரும் சிரிப்பார்கள். என் மனைவி உள்ளேயிருந்து, "போதும்டி மாங்கா, ரெண்டு பேருக்கும் வயித்த வலிக்கப் போவுது" என்று குரல் கொடுப்பாள்.

அந்தக் கோடையில் எனக்கு இடது பக்கம் முதுகில் ஒரு எரிச்சல் தொடங்கியது. சூடான இஸ்திரிப் பெட்டியை யாரோ வைத்து எடுப்பதுபோல. வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன். பிறகு முதுகெலும்பிலிருந்து விலா வரை ஒரு பட்டைபோலக் கொப்புளங்கள் எழுந்தன. மனைவி பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"அக்கிங்க இது. செம்மண் கொழச்சு எழுதணும். நீலசந்திராவுல எழுதறவங்க இருப்பாங்க. நம்ம வேலைக்காரப் பொண்ணக் கேட்டாத் தெரியும்."

அக்கி வந்த இடத்தில் காவிக் குழம்பால் சிங்கமோ நாயோ வரைவது எங்கள் பக்கத்து வழக்கம். பானை செய்கிறவர்கள் அதை எழுதுவார்கள். எழுதிக்கொண்டவரைப் பார்த்தாலே தெரியும், சட்டை போட மாட்டார், உடம்பு சிவப்பாக இருக்கும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விட மாட்டார்கள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. வைரஸ் என்றால் என்னவென்று ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவன் நான்.

"சிங்கத்தப் பாத்து வைரஸ் பயந்து ஓடிடுமா? அவகிட்ட ஒண்ணும் கேக்காத. நாலு வீடு போறவ. தெரு பூரா சொல்லிடுவா" என்றேன்.

வெள்ளைப் பனியனும் அதன்மேல் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். இப்போது யோசித்தால், அன்று என் முதுகில் யாராவது செம்மண் பூசியிருந்தால் அதைக் கண்டு அவள் தானே விலகியிருப்பாள். சிங்கம் என் நோயைத் தீர்த்திருக்காது. அவளைக் காப்பாற்றியிருக்கும்.

டாக்டர் எங்கள் குடும்பத்துக்குப் பல வருடங்களாகப் பார்ப்பவர். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். பொறுமையாக விளக்கினார். அக்கி என்பது சின்னம்மையின் வைரஸேதான். சிறுவயதில் அம்மை இறங்கிய பிறகு அது உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் தூங்கிக்கொண்டிருந்து, வயதான பிறகு எழுந்து வருகிறது. அக்கிக்காரரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி வராது. ஆனால் அம்மையே கண்டிராதவர் அந்தக் கொப்புள நீரைத் தொட்டால் அவருக்கு அம்மை வரலாம்.

"வீட்ல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா சார்?"

"மருமக இருக்கா."

"அவங்களுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

தெரியவில்லை. அங்கிருந்தே சம்பந்தியம்மாளுக்குப் போன் செய்தேன். பெண் ஹாஸ்டலில் படித்தவள், ஒருமுறை ஏதோ கொப்புளம் வந்ததாகச் சொன்ன ஞாபகம், அம்மைதானா என்று உறுதியில்லை என்றார்.

"அப்ப ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர். உடம்பு ஒரு முறை அம்மையோடு சண்டை போட்டிருந்தால் அதற்கென்று உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் வாழ்நாள் முழுக்க நிற்கும். அது இருந்தால் பயமில்லை. இல்லையென்றால் உடனே ஓர் ஊசி தேட வேண்டும், அது சுலபத்தில் கிடைக்காது. ஆகவே தாமதிக்கக் கூடாது.

எழுதிக்கொண்டே கேட்டார், "வேற யாராவது? வேலைக்கு வந்து போறவங்க, அக்கம்பக்கம்?"

"இல்ல" என்றேன்.

மறந்து சொன்னதல்ல அது. அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் என் கண்முன் வந்துவிட்டாள், அந்தப் பூசணிக்காய் வயிறோடு. சொன்னால் அவளை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வீட்டு வேலை யார் செய்வது? மருமகள் குனியக் கூடாது, மனைவியால் குனிய முடியாது. காரணம் கேட்டால் அவளிடம் சொல்ல வேண்டும், அவள் மற்ற வீடுகளில் சொல்வாள், வாத்தியாருக்கு ஏதோ தொற்று நோய் என்று தெரு பேசும். வேலைக்காரிக்கு டெஸ்ட் எடுக்கும் வழக்கம் யார் வீட்டில் இருக்கிறது என்றும் நினைத்தேன். இவ்வளவும் ஒரு நொடிக்குள். பிறகு அந்த "இல்ல" மிக இயல்பாக வந்தது. கிராமங்களில் வளர்கிறவர்களுக்கு அம்மை வராமல் இருக்குமா, இவளுக்கும் வந்துதான் இருக்கும் என்று வீடு திரும்பும்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் பிறந்து வளர்ந்தது இதே நகரத்தில், நீலசந்திராவில் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் லேபிலிருந்து ஆள் வீட்டுக்கே வந்தார். ஹாலில் நாற்காலி போட்டு மருமகளின் கையில் ரப்பரைக் கட்டினார். அந்த நேரம் பார்த்து அவள் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, ரத்தம் எடுக்கறாங்க?"

மருமகள் என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"சும்மாதான். மாசமானா எடுப்பாங்கல்ல."

"எனக்குப் பெரியாஸ்பத்திரில ஒருவாட்டிதான் எடுத்தாங்க. இவுரு மாதிரி ஊட்டுக்கு வந்தெல்லாம் எடுக்கல. சார், கொஞ்சம் காலத் தூக்குங்க" என்று லேப் ஆளைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஒரு கையில் ஊசியும் இன்னொரு கையில் குழாயுமாகக் காலைத் தூக்கினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ரத்தம் பம்பாய்க்குப் போய் முடிவு வர வேண்டும். அதுவரை மருமகள் மாடியறையில் இருக்க வேண்டும், நான் கீழறையில். என் தட்டு தனி, டம்ளர் தனி. என் பனியன், வேட்டி, படுக்கை விரிப்பு எல்லாம் மருமகளின் துணியோடு சேரக் கூடாது என்று ஒரு நீல வாளியில் தனியாகப் போட்டோம். அந்த யோசனை என்னுடையது. அந்த வாளி எங்கே போயிற்று என்றால், துவைக்கும் கல்லுக்குத்தான். கொப்புளங்கள் உடைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கல்லின் முன்னால் கால்களை அகட்டி உட்கார்ந்து, வயிறு இடிக்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்து, அவள் என் பனியன்களைக் கையால் கசக்கினாள்.

"இன்னா சார், பனியன்ல திட்டுத் திட்டாக் கறை?"

"வேனல் கட்டி. ஒடஞ்சிருக்கு."

"மஞ்சா அரச்சுப் போடுங்க சார். ரெண்டு நாள்ல அடங்கிடும்."

ஜன்னலிலிருந்து பேசினேன் நான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தது. மருமகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தாராளமாக இருந்தது. ஹாஸ்டலில் வந்தது அம்மைதான். மனைவி விளக்கேற்றினாள், சேமியா பாயசம் வைத்தாள். பின்வாசலில் அவளுக்கும் ஒரு டம்ளர் போயிற்று.

"இன்னா விசேசம்மா?"

"ஒண்ணுமில்ல, தோணுச்சு வெச்சேன். குடி."

அதன்பின் சில நாட்கள் அவள் வழக்கம்போல வந்தாள். என் முதுகு ஆறத் தொடங்கியது. எதுவும் ஆகவில்லை என்று நினைக்க ஆரம்பித்த சமயத்தில் ஒரு காலை அவள் வரவில்லை. அவளுடைய கணவன் வந்து வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன், அதிகம் பேச மாட்டான்.

"ஆத்தா வந்துருக்காம்மா. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் வர மாட்டா."

மனைவி இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அவள் வேலை செய்த வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சு. எங்கள் வீட்டுக்கு வந்து ஆறுதலும் சொன்னார்கள். "கர்ப்பிணிப் பொண்ணு இருக்கற வீடு, அவளுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாமா? உடம்பு சரியில்லன்னா வீட்லயே கெடக்க வேண்டியதுதானே?" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். "எங்க கொழந்தைங்களுக்கு வந்திருந்தா?" என்றாள் இன்னொருத்தி. நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று அதில் என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது.

படுக்கப் போகும்போது மனைவி மெல்லக் கேட்டாள், "ஏங்க, இவளுக்கு வந்தது..."

"ஊரெல்லாம் அம்மையா இருக்கு. எங்க பிடிச்சதோ" என்றேன். அவள் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது கேட்க அவள் இல்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அந்தப் பெண் வந்தாள். அன்றுதான் அந்தப் பின்வாசல் மன்னிப்பு.

"அக்கா மாசமா இருக்கற ஊட்ல நான் அம்மையோட வந்து போயிட்டேன் சார். எனக்கே தெரில. அக்காவுக்கு ஒண்ணும் ஆவலியே? மன்னிச்சிடுங்க சார்."

என்னால் பேச முடிந்த தருணம் அது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் சொன்ன வாக்கியத்தை முதலிலேயே எழுதிவிட்டேன். மனைவி அவளிடம் பிரசவம் ஆகிற வரை வர வேண்டாம் என்றாள். அந்த மாதமே வேறு ஆள் வைத்துக்கொண்டோம். தெருவின் மற்ற வீடுகளும் அப்படியே செய்தன.

அவளுக்குப் பெண் பிறந்தது, நலமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது நான் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. எங்களுக்குப் பேரன் பிறந்திருந்தான். மனைவியிடம் சொல்லி அவளுக்கு ஒரு சேலையும் குழந்தைக்குக் கவுனும் அனுப்பினேன். ஒவ்வோர் ஆடி மாதமும் அவள் கோயில் கூழுக்கு வசூல் கேட்டுத் தெருவுக்கு வருவாள். மற்றவர்களைவிட அதிகமாகப் போடுவேன். "சார் கை பெரிய கை" என்பாள். அந்த ஆடிகளில் அவள் வெறுங்காலோடு பால்குடமும் எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளையோடு அம்மை வந்தது ஏதோ வேண்டுதலை மறந்ததால்தான், தீட்டோடு கோயிலுக்குப் போனதால்தான் என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். அதற்கான பரிகாரமாம்.

புதிய நூற்றாண்டு பிறந்து சில காலம் ஆகியிருந்தது. மனைவி இறந்த மறுவருடம். ஒரு காலைப்பொழுதில் அவள் முன்வாசலில் நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. அவள் முன்வாசலுக்கு வந்தது அதுவே முதல் முறை. குழந்தைக்கு மூன்று வயது தாண்டியிருக்கும். சட்டை இல்லை. விலாவிலிருந்து முதுகு வரை செம்மண் பூசியிருந்தது, நடுவில் வாலைத் தூக்கிய ஒரு சிங்கம். வரைந்தவருக்குக் கை பழகியிருந்தது. எனக்கு வந்த அதே இடது பக்கம்.

"பாப்பாவுக்கு அக்கி சார். எங்க ஏரியா கிளினிக்குல காட்னோம். இத்தினி சின்னப் புள்ளைக்கு அக்கி வராது, ஒடம்புல சத்தே இல்லன்னாதான் வரும்னாரு அந்த டாக்டரு. அப்புறம் எங்க ஊட்டுக்காரர வெளிய கூப்ட்டு, ரெண்டு பேருக்கும் எய்ட்ஸ் டெஸ்ட் எடுன்னு சொல்லிட்டாரு."

குழந்தை சிங்கத்தின் காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு எங்க மாமியா ஊட்டுக்குப் போனவரு இன்னும் வரல சார். அந்தம்மா தெருவுல நின்னு கத்துது. நான் இன்னா தப்பு பண்ணேன்? நாலு ஊட்ல பாத்திரம் தேய்க்கறதத் தவிர எங்க போயிருக்கேன்? நீங்க படிச்சவங்க. இது அந்த நோய்தானான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

நான் அவளை அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆட்டோவில் குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வழியில் பார்த்த மாட்டையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தது.

டாக்டர் செம்மண்ணை ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "அக்கியேதான்" என்றார். பிறகு அவளிடம் கேட்டார்.

"கொழந்தைக்கு எப்பவாவது அம்மை போட்டிருக்கா?"

"இல்ல சார். பொறந்ததுலேர்ந்து ஒரு கொப்புளம் வந்ததில்ல."

"நீங்க வயித்துல சொமக்கும்போது உங்களுக்கு?"

"ஏழாவது மாசம் ஆத்தா வந்தா சார். மேலெல்லாம் வந்தா."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப அதுதாம்மா. நீங்க பயப்படாதீங்க. உங்களுக்கு அம்மை வந்தப்பவே உள்ள இருந்த பாப்பாவுக்கும் வந்துட்டுப் போயிருக்கு. வெளிய யாருக்கும் தெரியாது. அது இப்ப அக்கியா வருது. சின்னக் கொழந்தைக்கு வர்றதுக்கு இது தெரிஞ்ச காரணம்தான்." இருந்தாலும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். அந்த இன்னொரு டெஸ்டையும் எடுத்துவிடலாம், இல்லையென்றால் கணவன் நம்ப மாட்டான். குழந்தையின் ரத்தத்தில் அம்மைக்கான பழைய எதிர்ப்பொருளையும் பார்க்கலாம். கொப்புளம் இப்போதுதான் எழுந்திருக்கிறது. இந்த வைரஸை முதல் தடவையாகப் பார்க்கிற உடம்பு என்றால் அந்த எதிர்ப்பொருள் இதற்குள் இவ்வளவு வந்திருக்காது.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரத்தம் எடுக்கப் போனாள். குழந்தை வீல் என்று கத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் கதவைப் பார்த்தபடியே, "இவங்க உங்க வீட்ல வேல செஞ்சவங்களா?" என்றார்.

"ஆமா."

"உங்களுக்கு அக்கி வந்தப்ப?"

"ஆமா."

"நான் கேட்டேன்ல சார்?"

"கேட்டீங்க."

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

முடிவுகள் வந்த அன்று அவளுடைய கணவனுக்கும் சொல்லியனுப்பினோம். வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவருகிலேயே நின்றான். டாக்டர் சொன்னார்: தாய்க்கும் குழந்தைக்கும் அந்த நோய் இல்லவே இல்லை. குழந்தையின் ரத்தத்தில் அம்மைக்கான எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது. வயிற்றில் இருந்தபோது வந்தது. மனைவி மேல் எந்தத் தவறும் இல்லை.

அத்தோடு முடிந்திருக்கலாம். அவளைக் காப்பாற்ற ரத்தமே போதுமானதாக இருந்தது, என் வாய் தேவைப்படவில்லை. இன்னொரு முறையும் நான் தப்பித்துவிட்டேன் என்று அந்தக் கணத்தில் உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "சரி சார். அந்த அம்மையே இவளுக்கு எப்டி வந்துச்சு? அப்ப எங்க தெருவுல ஒருத்தருக்கும் இல்ல. எங்கம்மா அப்பவே சொன்னாங்க. இவதான் ஏதோ தப்பு பண்ணி ஆத்தாள ஊட்டுக்குக் கூப்ட்டுகினு வந்தான்னு. அதுக்கு இந்த டெஸ்ட்ல இன்னா போட்டுருக்கு?"

டாக்டர், "அது யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு ரத்தம் சொல்லாதுப்பா" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடங்களாகக் கேட்டுப் பழகிய குற்றச்சாட்டுக்குக் குனிகிற விதம் அது.

"என்கிட்டேர்ந்து வந்தது" என்றேன்.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எனக்கு அக்கி வந்ததை, டாக்டர் கேட்டதை, நான் இல்லை என்றதை, மருமகளுக்கு மட்டும் ரத்தம் எடுத்ததை எல்லாம் சொன்னேன். வேறெங்கிருந்தோ பிடித்திருக்கலாம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதையும் சொன்னேன். கணவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப இவ வருசா வருசம் பால்கொடம் தூக்குனது?"

அவள் குழந்தைக்குச் சட்டையை மாட்டினாள், பொத்தான்களைப் போட்டாள். எழுந்த பிறகுதான் கேட்டாள்.

"அந்த நீல வாளி தனியா வெச்சது அதுக்குத்தானா சார்?"

"ஆமாம்மா."

"அக்கா துணியோட சேரக் கூடாதுன்னு."

"ஆமா."

"அன்னிக்கு நான் வந்து மன்னிப்புக் கேட்டனே."

"கேட்ட."

குழந்தையைக் கணவன் வாங்கிக்கொண்டான். மூவரும் சேர்ந்தே வெளியே போனார்கள். அவன் அன்றே வீடு திரும்பிவிட்டான் என்று பின்னால் தெரிந்தது. குழந்தையின் அக்கியும் ஆறிவிட்டது, விலாவில் வெளிறிய சில வடுக்களோடு.

அன்று மாலை மருமகளிடம் சொன்னேன். பேரனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அவளும் என்கூட அந்தப் படியிலதான் ஒக்காந்திருந்தா மாமா. எனக்கும் தோணியிருக்கணும். நீங்க சொல்லாதன்னீங்க, நானும் சும்மா இருந்துட்டேன்" என்றாள். அதன்பின் பல நாட்கள் எனக்குச் சாப்பாடு வைக்கும்போது தேவையானதைத் தவிர அவள் பேசவில்லை.

அந்தப் பெண் முன்பு வேலை செய்த வீடுகளுக்கும் போனேன். அம்மையைக் கொண்டு வந்தது அவளல்ல, நான்தான் என்றேன். எதிர்வீட்டு அம்மாள் காபி கொடுத்தாள். "அது எப்பவோ நடந்தது, இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? வயசான காலத்துல மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றாள். இன்னொரு வீட்டில் அப்படி ஒருத்தி வேலை செய்ததே அவர்களுக்கு நினைவில்லை. குழந்தையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று கணவனிடம் சொல்லியனுப்பினேன். "வேணாம்னு சொல்லச் சொன்னா சார்" என்று பதில் வந்தது. காரணம் எதுவும் வரவில்லை.

அந்த ஆடியில் அவள் வசூலுக்கு வரவில்லை. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை நானே நீலசந்திராவுக்கு நடந்தேன். சந்துக்குள் பந்தல் போட்டிருந்தார்கள், ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. பெரிய அண்டாவுக்குப் பின்னால் அவள் நின்று மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவள் பால்குடம் எடுக்கவில்லை என்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவி யாரிடமோ குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்டாவைச் சுற்றிக் குழந்தை ஓடிக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி கொஞ்சம் நின்றது.

"பாத்திரம் கொண்டாந்தீங்களா சார்?"

"இல்லம்மா."

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்து நிறைய ஊற்றினாள். மேலே கொஞ்சம் வெங்காயத்தைப் போட்டு நீட்டினாள்.

"குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வெச்சிட்டுப் போங்க" என்றாள். எனக்கு முன்னால் நின்றவர்களிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "தள்ளி நில்லுங்க சார், பின்னாடி ஆளு கீது."

ஓரமாகப் போய் நின்று குடித்தேன். பிறகு குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அங்கே கிடந்த தேங்காய் நாரால் டம்ளரைத் தேய்த்தேன். அடியில் ஒட்டியிருந்த கூழ் லேசில் போகவில்லை. எனக்குப் பின்னால் டம்ளரோடு காத்திருந்த ஒரு பெண், "சீக்கிரம் தாத்தா" என்றாள். இன்னொரு முறை தண்ணீர் பிடித்து அலசிவிட்டு, கொண்டுபோய் அவள் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். அவள் அடுத்தவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.